தையல்நாயகி தின்ற மழைச்சோறு

தையல்நாயகியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. நண்டைக் கண்டால் பயம். பஸ் ஹாரன் அடித்தால் பயம். மேஸ்திரி விசில் ஊதினால் தலையில் இருக்கிற உப்புக்கூடையோடு துள்ளுவாள். மாமியார் முத்தம்மாள் வீட்டுக்குள்ளே இருமினால் இவள் வாசலில் எழுந்து நிற்பாள். "அவங்க சளிக்கு இருமுறாங்கடி, உன்னக் கூப்டல" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே.

நான் ஜெயா. மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருடம் கூடை சுமந்தவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓலைத்தட்டிதான் சுவர். எனக்கு வாய் நீளம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பெரிய முதலியார்சாவடியில், கடல் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்தவள் நான். அவள் மேற்கே இருக்கிற பெருமுக்கல்காரி. மலையடிவாரத்தில் மணிலாக்கொட்டையும் கம்பும் போடுகிற குடும்பம். பலராமனைக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயிற்றில் இன்னும் ஒன்றும் தங்கவில்லை.

அவளுக்கு இருந்த பயங்களுக்கெல்லாம் தலைவியாக ஒரு பயம் உண்டு. புருஷன் வீட்டில் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் அது. சும்மா வந்த பயமில்லை. அவளுடைய சொந்த அக்காவை அப்படித்தான் ஒரு நாள் பஸ் ஏற்றிவிட்டார்கள். ஆறு வருடமாக அந்தப் பெண் பெருமுக்கல் வீட்டில் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நல்லது கெட்டதுக்கு யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. தையல்நாயகி அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். ராத்திரியில் பலராமன் திரும்பிப் படுத்தால்கூட, கோபமோ என்று இவளுக்குத் தூக்கம் போய்விடும். காலையில் என்னிடம் வந்து, "அவரு ஏதாச்சும் சொன்னாராக்கா?" என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும், பாவமாகவும் இருக்கும்.

இது நடந்தது எழுபத்தைந்தாம் வருடக் கோடை. அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது. மேற்கே இருக்கிற ஊர்க்காரர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது நல்ல காலம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. வெயில் காய்ந்தால்தான் உப்பளத்துக்காரி வீட்டில் உலை கொதிக்கும். தை மாதமே பாத்திகளைக் கட்டி, மாசியில் உப்பு வார ஆரம்பித்துவிட்டோம். பங்குனி கடைசியில் வரப்பு நெடுக ஆள் உயரத்துக்கு உப்பு அம்பாரம். "இந்தக் கத்திரி மட்டும் நல்லா காஞ்சுதுன்னா வர்ற மழைக்காலம் பூரா குந்தித் திங்கலாம்" என்று மேஸ்திரி சிங்காரம் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது.

கோடை மழைதானே, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும் என்று நினைத்தோம். அது போகவில்லை. கடலிலிருந்து கிளம்பி வந்து, எங்கள் தலைக்கு மேலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் பெய்தது. ஒரு நாள் விட்டது. மறுபடியும் நாலு நாள். அம்பாரங்களை மூடப் பனையோலை இல்லை. ஓலையெல்லாம் ஆவணியில்தான் வரும். சித்திரையில் யார் ஓலை வாங்கி வைப்பார்கள்? ஆள் உயரத்துக்கு நின்ற உப்பு இடுப்பளவு ஆயிற்று, அப்புறம் முழங்கால் அளவு. வெள்ளையாகக் கரைந்து வரப்பிலிருந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குப் பெற்ற வயிறு எரிவதுபோல எரிந்தது. இரண்டு மாதம் என் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டினது ஐயா அது!

மழை விட்டதும் பாத்தியில் நிற்கிற தண்ணீரை இறைத்துவிட்டு, தரை இறுகுவதற்காகச் சேற்றை மிதிக்க வேண்டும். பத்துப் பொம்பளைகள் கைகோத்து வரிசையாக நின்று, ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று நாள் முழுக்க மிதிப்போம். மூன்று நாள் மிதித்தால்தான் பாத்தி பாத்தியாகும். அந்தச் சித்திரையில் நாங்கள் மூன்று தடவை மிதித்தோம். மூன்று தடவையும் மிதித்து முடித்த மறுநாள் மழை வந்தது. கத்திரி நடக்கும்போது குளிர் நடுக்கி எடுத்தது என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு, பல் கிட்டிப்போய் நின்றோம். கட்டின சேலை காயவில்லை. வத்திப்பெட்டி ஊறிப்போய் எத்தனை குச்சி கிழித்தாலும் பற்றவில்லை. சவுக்குத் தோப்பில் பொறுக்கின மிலார்ச் சுள்ளியை அடுப்பு மேலேயே பரணாகக் கட்டிக் காயவைத்து, நாலு வீட்டுக்கு ஒரு அடுப்பில் முறைவைத்து அவரவர் கஞ்சியைக் காய்ச்சினோம். கழிவெளி ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்தோம். ஆம்பளைகள் மூட்டை தூக்கும் வேலை தேடித் திண்டிவனத்துக்கும் பாண்டிக்கும் பஸ் ஏறினார்கள். பாதிப் பேருக்கு வேலை கிடைக்கவில்லை.

தினமும் விடிந்ததும் எல்லாரும் வெளியே வந்து கிழக்கே பார்ப்போம். மூடிக்கிடக்கும். மேஸ்திரி பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "சப்புனு இருக்குது" என்று காறித் துப்பிவிட்டுப் போவார். ஒரு நாள் காலையில் பாத்திக்குள்ளே தவளை கத்தியது. உப்பளத்தில் தவளை! நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. இனிமேல் இங்கே உப்பே விளையாதோ என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாருக்கும் பயம் வந்தது.

தையல்நாயகிக்கு முதல் நாளிலிருந்தே பயம்தான். ஆனால் அவளுக்குப் பயம் புதுசா என்ன, நான் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டது முத்தம்மாள்தான், அதுவும் நாக்கால். "இன்னாடி இது கஞ்சியா, கடலா? வாயில வைக்க முடில!" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் கத்தல் கேட்கும். ஒரு நாள் இல்லை, தினமும். குழம்பில் உப்பு, கஞ்சியில் உப்பு, குடிக்கிற தண்ணீர்ப் பானையில்கூட உப்பு. "எல்லாரும் உப்பு போச்சேன்னு அழுவுறோம். இவ இருக்கறத அள்ளி அள்ளிக் கொட்றா" என்று முத்தம்மாள் என்னிடம் வந்து புலம்பினாள். மழை நேரத்தில் புத்தி பேதலித்ததோ என்று எனக்கும் சந்தேகம் தட்டியது.

வைகாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் தூறல் கொஞ்சம் விட்டிருந்தது. வரப்பில் நண்டு தேடிக்கொண்டு போனவள், மூலை அம்பாரத்துக்குப் பின்னால் யாரோ குந்தியிருப்பதைப் பார்த்தேன். தையல்நாயகி. கரைந்து மீந்த உப்பைக் கை நிறைய அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது, மறுபடியும் அள்ளுகிறாள்.

"ஏய் தையலு! இன்னாடி பண்ற!" என்று ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன். அவள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். சாகப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு, மழைத்தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வைத்து, முதுகில் இரண்டு போட்டேன்.

"சொல்லுடி. எதுக்குடி இப்டி?"

"நான்தான்கா" என்றாள். "இந்த மழ என்னாலதான்கா."

அவளுக்குப் பேசவே பத்து நிமிஷம் ஆயிற்று. பங்குனி கடைசியில், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பெருமுக்கல் போய்வந்திருந்தாள், அப்போது நடந்தது. மேற்கத்தி ஊர்களில் மழை பொய்த்தால் பெண்கள் மழைச்சோறு எடுப்பார்கள். பானையோடு வீடு வீடாகப் போய், உப்புப் போடாத சோறும் கூழும் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஊருக்கு நடுவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டே தின்பார்கள். உப்பில்லாத சோற்றைத் தின்கிற பெண்களைப் பார்த்து வானம் மனசு இளகிவிடும் என்று நம்பிக்கை.

"ஊரே கெளம்பிச்சுக்கா. நான் மட்டும் எப்டி வீட்ல குந்திகினு இருக்கறது? பானைய என் இடுப்புல வச்சுட்டாங்க. பதினோரு வூட்டு சோறுக்கா. ஒரு கல்லு உப்பு இல்ல. மூணு கை தின்னேன். நம்ம வூட்டு சோறே உப்புதான்னு எனக்கு அப்ப தோணவே இல்லக்கா. உப்பு வாணாம், மழதான் வேணும்னு தின்னுட்டு வந்துட்டேன். வந்த ஒம்பதாம் நாளு மழ புடிச்சிகிச்சு."

அதற்குத்தான் உப்பு தின்றாளாம். தின்னாமல் விட்ட உப்பைத் தின்றுவிட்டால் மழை விட்டுவிடும் என்று அவளாகவே ஒரு கணக்கு. கஞ்சியில் அள்ளிப் போட்டதும் அதனால்தான். வானம் கறுக்கும்போதெல்லாம் ஒரு பிடி.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, அவளை அறைய வேண்டும்போல இருந்தது. "அடிப்பாவி! உங்கூட்டு மணிலாவுக்காக எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டியே!" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அடி வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஓங்கின கை தானாகக் கீழே வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பஸ் ஏத்திடுவாங்க. அப்புறம் எங்கக்காவுக்கு அந்தாண்ட ஒரு பாய் போட்டு நானும் குந்திக்க வேண்டியதுதான்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. தெரிந்திருந்தும் மறைத்தாள் என்று நாளைக்கு என்னையும் சேர்த்துக் கேட்பார்களே! தன் பயத்தில் பாதியைப் பிரித்து என் தலையிலும் ஏற்றிவிட்டாள் மகராசி.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி சிங்காரம் வீடு வீடாக வந்து சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம அம்மன் கோயிலாண்ட குறி கேக்கப் போறோம். கூனிமேட்டுப் பக்கத்துலேந்து ஒரு சாமியாடி வர்றாரு. இது சும்மா பெய்யிற மழ இல்ல. யாரோ இன்னமோ பண்ணி வச்சிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சாவணும்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். அந்த நாலு நாளும் தையல்நாயகி எப்படி உயிரோடு இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டால் தங்கவில்லை. தட்டி வழியாக விரலை நீட்டி என் சேலையைப் பிடித்து இழுப்பாள். "எக்கா, சாமிக்கு எல்லாம் தெரிஞ்சிடுமா?" "தெரியாதுடி, தூங்கு." "எக்கா, ஒருவேள தெரிஞ்சிட்டா?" ஓடிப் போய்விடலாமா என்று ஒரு தடவை கேட்டாள். எங்கே ஓடுவாள்? ஓடினால் பெருமுக்கல்தான். அங்கே போகக் கூடாது என்றுதானே இத்தனை பயமும். புருஷனிடமாவது சொல்லேன் என்றேன். பலராமன் அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லையாம். திண்டிவனம் போய்வந்ததிலிருந்து உம்மென்று இருக்கிறானாம். "அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு போலக்கா" என்று சொல்லும்போது அவள் உதடு வெளுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். தூறல் நிற்கவில்லை. அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் அளத்து ஜனம் மொத்தமும் கொங்காணியோடு நின்றது. சாமியாடி ஒல்லியான ஆள். உடுக்கையின் தோல் ஈரத்தில் தொய்ந்து, தட்டினால் தொப் தொப்பென்று செத்த சத்தம் வந்தது. கற்பூரம் மூன்று தடவை அணைந்தது. வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தையல்நாயகி என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை மீன்போல சில்லென்று இருந்தது.

சாமியாடி உடம்பை முறுக்கினார், பல்லைக் கடித்தார். "காலு... ஒரு காலு தெரியுது" என்றார். "மேக்கேயிருந்து வந்த காலு. பொம்பளக் காலு. அதான் மழைய இழுத்துகினு வந்துச்சு. அந்தக் காலு இந்த மண்ண வுட்டுப் போனாத்தான் வெயில் வரும்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் ஜனம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பாஞ்சாலை பக்கம் திரும்பியது. பாஞ்சாலை கிளியனூர்க்காரி. அதுவும் மேற்குதான். புருஷன் செத்து மூன்று வருடமாக, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்களோடு கூடை சுமப்பவள். பலராமன் மாதிரி ஒரு ஆம்பளையோ, முத்தம்மாள் மாதிரி ஒரு மாமியாரோ அவளுக்கு இல்லை. கேட்பதற்கு ஆளில்லாதவள். அதனால் எல்லாருக்கும் அவள் காலே கண்ணில் பட்டது.

"நீதானா அது?" என்றார் மேஸ்திரி.

"நான் இன்னா பண்ணேன்? நான் ஊருக்குப் போயே ரெண்டு வருசம் ஆச்சு!" பாஞ்சாலை இரண்டு பெண்களையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சாமி சொல்லுது. இன்னிக்கு சாயங்கால பஸ்ஸுக்கு கெளம்பிடு."

"எங்க போவேன் மேஸ்திரி? எனக்கு அங்க யாரு இருக்காங்க?"

பின்னாலிருந்து யாரோ ஒரு பிடி சேற்றை எடுத்து எறிந்தார்கள். அது சின்னப் பெண்ணின் கன்னத்தில் பட்டது. அந்தக் குழந்தை அழக்கூட இல்லை, பயத்தில் வாயைத் திறந்தபடியே நின்றது.

எனக்கு எல்லாம் தெரியும். இதற்கெல்லாம் முன்னால் நின்று கத்துகிறவள் நான்தான். அன்று என் வாய் திறக்கவில்லை. திறந்தால் தையல்நாயகி போவாள், மூடினால் பாஞ்சாலை போவாள். இது நியாயம் யோசித்து மூடின வாய் என்று பெருமை பேச மாட்டேன். எனக்குப் பயம். அந்தக் கூட்டம் அப்போது இருந்த இருப்பில், வாய் திறந்தவளையும் சேர்த்தே துரத்தியிருக்கும்.

என் கைக்குள் இருந்த கை நழுவிப் போயிற்று.

"அவங்க இல்ல" என்றாள் தையல்நாயகி. யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் அப்படி. இரண்டு அடி முன்னால் போனாள். கால் பின்னிக்கொண்டது, விழப் பார்த்தாள், நிமிர்ந்துகொண்டாள். "அவங்க இல்ல. நான்தான்."

கூட்டம் அடங்கியது. உடுக்கையும் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பானை, பதினோரு வீடு, உப்பில்லாத சோறு, மூன்று கை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்தாள். முத்தம்மாள் முகம் கல்லாக இருந்தது.

"அடச் சண்டாளி!" என்று மேஸ்திரி பாய்ந்தார். "பலராமா! உம் பொண்டாட்டிய இப்பவே கூட்டினு போய் அவங்கூட்ல வுட்டுட்டு வா. இல்லன்னா நாங்க கொண்டுபோய் வுடறோம்."

பலராமன் அவ்வளவு நேரமும் வேப்பமரத்தில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத ஆள். மெதுவாக நடந்து வந்து பெண்டாட்டி பக்கத்தில் நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மேஸ்திரியைப் பார்த்துப் பேசினான்.

"மேஸ்திரி, போன வாரம் செவ்வாக்கெழம நான் திண்டிவனம் போனேன் இல்ல? திரும்பி வர்றப்ப பெருமுக்கல்ல எறங்கினேன். மச்சான்கிட்ட ஏதாச்சும் வேல இருக்குமான்னு கேக்கலாம்னு. அங்க ஒரு பொட்டு மழ இல்ல."

"இன்னா சொல்ற?"

"ஒரு பொட்டு இல்லன்றேன். மண்ணு மாவா பறக்குது. மல மேல புல்லு பூண்டு இல்ல. இந்த மழ நம்ம கரையோட நின்னுடுச்சு. அந்தாண்ட நாலு மைல் போனா கொட வாணாம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "ஆமாம்பா, நானும் பஸ்ல பார்த்தேன், பாதி வழிக்கு மேல ரோட்ல தூசிதான்" என்றான் ஒருத்தன். "எங்க மாமனார் ஊர்ல கூட இல்லியாம்" என்றான் இன்னொருத்தன். ஆம்பளைகள் பாதிப் பேர் பஸ்ஸில் போய் வந்தவர்கள்தான். எல்லாரும் பார்த்ததுதான். யாரும் இதையும் அதையும் சேர்த்து யோசிக்கவில்லை.

முத்தம்மாளின் கல் முகம் அப்போதுதான் அசைந்தது. நேராக மேஸ்திரியிடம் போனாள். "ஏம்பா சிங்காரம், சோறு தின்ன ஊர்ல பெய்யாத மழ, திங்காத ஊர்ல வந்து பெஞ்சுதா? இதுக்கு ஒரு சாமியாடி, அவருக்கு ஒரு உடுக்க! கேக்குறவன் கேனயனா இருந்தா இன்னா வேணா சொல்லுவியா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்கு மேலாக எங்களில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாமியாடி கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு கூனிமேடு பக்கம் நடையைக் கட்டினார். பாஞ்சாலை தன் தலையில் இருந்த கொங்காணியை எடுத்துத் தையல்நாயகியின் தலையில் போட்டாள்.

தையல்நாயகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு பொட்டு கூடவா பெய்யல?"

"இல்ல."

"எங்கம்மா கெணறு?"

"அடி மண்ணு தெரியுது. உங்கம்மா ரெண்டு மைல் நடந்துபோய் ஒரு கொடம் தண்ணி கொண்டாருது. பசுவ வித்துட்டாங்க. சொன்னா அழுவியேன்னுதான் சொல்லாம வுட்டேன்."

"அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். "எங்கூர்ல நல்லா பேயுது, கெணறு ரொம்பிப் போயிருக்கும், அதுக்குத்தான இந்தப் பாவம்னு மனச தேத்திகினு இருந்தேனே! அதுவும் இல்லியா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மேஸ்திரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முத்தம்மாளிடம் போனாள். இரண்டு வருடத்தில் அவள் மாமியாரின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அத்த, என்ன எங்கூருக்கு அனுப்புங்க."

முத்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு?"

"எங்கம்மாவால அவ்ளோ தூரம் நடக்க முடியாது அத்த. மூட்டு வலிக்காரி. நான் போய் நாலு நாளு தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு வர்றேன்."

"நாலு நாளா?"

"நாலே நாளுதான் அத்த."

முத்தம்மாள் மருமகளின் தலையில் இருந்த சாக்கை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்புறம் அவளுக்கே உரிய அந்தக் கத்தலில், அளம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"போய்ட்டு வா. அஞ்சாம் நாளு காலைல நீ இங்க இல்லன்னா, நானே பஸ் ஏறி வந்து உன்னக் கூட்டினு வருவேன்."